பின்பக்கம் இருக்கா?

மின்விசிறியை நிறுத்திவிட்டுத்தான் ஹமீதா பானு பத்திரத்தைக் கையில் வாங்குவார். அதற்கு முன் நீட்டினால் வாங்கமாட்டார். நீட்டிய கை நீட்டியபடி இருக்க, எழுந்து போய்ச் சுவரிலுள்ள பொத்தானைத் தட்டிவிட்டு, இறக்கைகள் ஓயும்வரை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்பார். கடைசிச் சுற்றும் நின்ற பிறகு, "ம், குடுங்க" என்பார். வலங்கைமான் கடைத்தெருவில் ஆட்கள் அதிகம் வியர்த்து நிற்கும் இடம் அவருடைய ஸ்கேன் கடைதான்.

"அக்கா, காத்து இல்லாம செத்துருவோம் போலருக்கு" என்றார் ஒருநாள் துரைராசு. குத்தகை நிலத்தில் சம்பா போட்டிருப்பவர். பயிர்க் காப்பீட்டுக்காகச் சிட்டா, அடங்கல், ஆதார், பாஸ்புக் எல்லாவற்றையும் ஒரே ஃபைலாக்கி அனுப்ப வேண்டும் என்று வந்திருந்தார்.

"காத்து வேணும்னா ஆத்தங்கரைக்குப் போங்க. ஃபேன போட்டா உங்க அடங்கல் குடமுருட்டியில போயி மெதக்கும்."

"மெதந்தா என்ன, அப்புடியே நம்ம வயலுக்கு வந்து சேந்துரும்."

"தண்ணியே கடமடைக்கு வந்து சேரல. பேப்பர் வந்துருமாக்கும்."

துரைராசு துண்டால் விசிறிக்கொண்டு சிரித்தார். ஹமீதா பானு சிரிக்கவில்லை. பாஸ்புக்கின் முதுகை விரலால் நீவிவிட்டுக் கண்ணாடிமேல் கவிழ்த்தார்.

கடை என்பது வீட்டின் முன்னறை. பலகையில் 'ரிஃப்கா ஜெராக்ஸ்' என்று பெரிதாகவும், பிறகு சேர்த்த 'ஸ்கேனிங், லேமினேஷன்' சிறிதாகவும் இருக்கும். ரிஃப்கா அவருடைய ஒரே மகள். பலகை எழுதியபோது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தவள், இப்போது கணவனோடும் குழந்தையோடும் சார்ஜாவில் இருக்கிறாள். பத்திரப்பதிவு அலுவலகம் கூப்பிடு தூரம். காலையில் அங்கே டோக்கன் கொடுக்கத் தொடங்கினால் இங்கேயும் ஆள் சேரும். நான் எதிர்ச் சாரியில் குடியிருக்கிறேன். வேலை இருந்தும் போவேன், இல்லாமலும் போவேன்.

பத்திரத்தைப் பிரிக்க அவரிடம் ஒரு பழைய நகவெட்டி உண்டு. ஸ்டேப்ளர் பின்னின் காலை அதன் வாயில் கொடுத்து நிமிர்த்தி உருவுவார். தாளில் கிழிசல் விழாது. நூலால் தைத்த பத்திரம் என்றால் முடிச்சை அவிழ்ப்பாரே தவிர அறுக்கமாட்டார். வேலை முடிந்ததும் அதே நூலை அதே ஓட்டைகளில் கோத்துத் தருவார். மழைக்காலத்தில் டிரங்குப் பெட்டியிலிருந்து வரும் தாள்கள் நமுத்து ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். அவற்றை லேமினேஷன் மிஷினின் சூடான முதுகில் அப்பளம்போல் பரப்பிவைப்பார். பின்பக்க எழுத்து முன்பக்கம் தெரியும் மெல்லிய தாள் வந்தால், அதன்மேல் கறுப்பு அட்டையை வைத்து மூடியை மூடுவார்.

தாள்களைக் கட்டாக மேலே வைத்தால் தானே ஒவ்வொன்றாக இழுத்துக்கொள்ளும் வசதி அந்த மிஷினில் இருக்கிறது. பத்திரங்களுக்கு அவர் அதைத் தொடுவதில்லை. "அது அவசரக் குடுக்க. ரெண்டு ரெண்டா முழுங்கிடும்." கண்ணாடியில் ஒரு தாளை வைத்து, ஓரத்தை நேராக்கி, மூடியை இறக்கி, அதன்மேல் உள்ளங்கையை வைத்துக்கொள்வார். அழுத்தமாட்டார், வைத்திருப்பார். ஒளிக்கோடு இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் போய் நின்றபின் கை எழும்.

கடைசித் தாள் முடிந்ததும் எல்லோரும் எழுந்து கையை நீட்டுவார்கள். அப்போதுதான் அந்தக் கேள்வி வரும்.

"பின்பக்கம் இருக்கா?"

"பின்னாடி ஒண்ணுமில்லீங்க, வெறும் தாளு."

"வெறும் தாளும் பக்கந்தான்."

எழுத்தே இல்லாத பின்பக்கங்களையும் ஒவ்வொன்றாகக் கவிழ்த்து எடுப்பார். அதற்குக் காசு வாங்கமாட்டார். ஆனால் எடுக்காமல் விடமாட்டார். எல்லாப் பக்கங்களையும் ஒரே ஃபைலாகச் சேர்க்கும்போது, வெற்றுப் பக்கங்களை நீக்கிவிடலாமா என்று கணினி ஒவ்வொரு முறையும் கேட்கும். வேண்டாம் என்று ஒவ்வொரு முறையும் அழுத்துவார். அவசரத்தில் இருப்பவர்கள் கடுகடுப்பார்கள். துபாய்க்கு விசா பேப்பர் அனுப்ப வந்த ஹம்தான் என்ற பையன் ஒருதரம் வாய்விட்டே கேட்டுவிட்டான்: "ஒண்ணுமே இல்லாத பக்கத்த எதுக்கு பெரியம்மா அனுப்புறீங்க?"

"ஒண்ணுமில்லன்னு அவங்களுக்கு எப்புடித் தெரியும்? காட்டுனாத்தானே தெரியும்."

அவன் செல்பேசியைப் பார்த்துக்கொண்டான்.

பக்கத்துக் கடை இராஜாங்கத்தினுடையது. பத்திர எழுத்தர். அவர் எழுதிக் கொடுப்பதை இவர் ஸ்கேன் செய்வார். இருவருக்கும் நடுவில் ஒரு மரத்தடுப்புதான் சுவர். அதன் மேல்பக்கம் திறந்திருப்பதால் பேச்சு தாராளமாகப் போய்வரும். "என்ன தங்கச்சி, இன்னிக்கி ஃபேனுக்கு லீவா?" என்று அவர் தினமும் அந்தப் பக்கமிருந்து கேட்பார். "நீங்க எழுதுறதுல பாதி காத்துலதான் போவுது, நான் வேற போடணுமா?" என்று இவர் ஏதாவது திருப்பிச் சொல்வார்.

கணவர் மீரா உசேன் சவுதியின் தம்மாமிலிருந்து திரும்பி வந்து இந்தக் கடையைப் போட்டார். அவர் காலமான பிறகு ஜெராக்ஸ் மிஷினை இவர் ஓட்டினார். ஸ்கேனர் வாங்கியது இவர். "அவரு இருந்தப்ப ஜெராக்ஸ்தான். இதெல்லாம் என் காலத்துல வந்தது" என்று சொல்லும்போது மட்டும் குரலில் ஒரு நிமிர்வு தெரியும்.

முன்னறைக்குப் பின்னால் மூன்று அறைகள் இருக்கின்றன. கடையில் உட்கார்ந்து பார்த்தால் முதல் அறையின் கதவு வரைக்கும்தான் வெளிச்சம். பதிவு அலுவலகம் இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளிலும் கடையைத் திறந்துவைத்திருப்பார். சாப்பிட உள்ளே போனவர், கையைத் துடைத்துக்கொண்டே உடனே திரும்பிவிடுவார். ஏன், கொஞ்சம் படுத்து எழுந்திருக்கலாமே என்று கேட்டிருக்கிறேன்.

"உள்ள போயி என்ன செய்யுறது?"

ரிஃப்கா வெள்ளிக்கிழமைகளில் பேசுவாள். அந்த வாரத்துச் சங்கதிகள் எல்லாவற்றையும் அடுத்தடுத்துக் கேட்டு முடிப்பாள். சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா, மழையா, கரண்ட் இருக்கா. பேத்தி ஷிஃபா வந்து சலாம் சொல்லிவிட்டு ஓடிவிடுவாள். இவர் ஒவ்வொன்றுக்கும் "ம்" சொல்வார். பிறகு அடுத்த வெள்ளி.

ஐப்பசியில் ஒரு வெள்ளிக்கிழமை அவள் வேறொன்றைச் சொன்னாள். வண்டலூர் பக்கம் ஒரு ஃபிளாட் பார்த்திருக்கிறார்கள். இந்த வீட்டைக் கொடுத்துவிட்டு அதை முடித்துவிடலாம். அம்மா அங்கே போய் இருக்கட்டும். இரண்டு வருஷத்தில் அவர்களும் வந்துவிடுவார்கள். உரக்கடை இளையபெருமாள் இந்த வீட்டை வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். அவருடைய வக்கீல் பார்க்க வேண்டும். வீட்டுப் பத்திரம், மூலப்பத்திரம், வில்லங்கம், வரி ரசீது எல்லாவற்றையும் ஒரே ஃபைலாக அனுப்பினால் போதும்.

"உங்களுக்கென்னம்மா, அஞ்சு நிமிச வேலதானே" என்றாள்.

வீட்டை விற்பதற்கும் ஹமீதா பானு "ம்" என்றார். திங்கட்கிழமை இராஜாங்கம் கேட்டபோது, "அவ வீடுதானே, வித்துக்கட்டும். அங்க லிஃப்ட் இருக்காம்" என்றார். சற்றுப் பொறுத்து, "ஏறி எறங்கி யாரப் பாக்கறதுன்னுதான் தெரியல" என்றார்.

அன்று பத்திரத்தின் முதல் பக்கத்தை ஸ்கேன் செய்து அனுப்பினார். அந்த ஒரு பக்கத்தை மட்டும்.

பிற்பகல் தொழுகைக்கான அஸர் பாங்கு சொல்லி முடிந்து கொஞ்ச நேரத்தில் போன் வந்தது. வெள்ளிக்கிழமை அல்ல. இவர் கையில் வேறு யாருடைய பத்திரமோ இருந்ததால் ஒலிபெருக்கியில் போட்டார். அங்கே ரிஃப்கா, ஷிஃபாவின் பள்ளி வண்டி வருவதற்காகத் தெருமுனையில் நின்றுகொண்டிருந்தாள்.

"அம்மா, ஒரு பக்கம்தான் வந்துருக்கு."

"மழையில பத்திரமெல்லாம் நமுத்துப் போச்சும்மா. ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டுக் கெடக்கு. இழுத்தா கிழிஞ்சிடும். ஒவ்வொண்ணாப் பிரிச்சுக் காயவச்சுத்தான் எடுக்கணும்."

"அப்ப நாளைக்கு ஒண்ணா?"

"நாளைக்கு ஒண்ணு."

"சரிம்மா. அங்க மழ எப்படி?"

இவர் மழையைப் பற்றிச் சொன்னார். துரைராசு வயலில் தண்ணீர் நின்றதைச் சொன்னார். துரைராசு யாரென்று அவள் கேட்டாள். சொன்னார். வண்டி வரும்வரைக்கும் பேசினார்கள்.

அடுத்த நாள் இரண்டாம் பக்கம் போயிற்று. போன் வந்தது. அடுத்த நாள் மூன்றாவது. ஓர் எழுத்து மங்கலாக இருக்கிறது என்றாள் ரிஃப்கா. மறுபடி எடுத்து அனுப்பியதில் கூட ஒரு நாள் சேர்ந்தது. பக்கங்களைப் பற்றிய பேச்சு சீக்கிரம் முடிந்துவிடும். வண்டி தாமதமானால் மற்றவை வரும். ஷிஃபாவுக்குப் பல் விழுந்தது, கட்டிடத்தில் தண்ணீர் வராதது, ரிஃப்காவுக்கு மதியத்தில் தலைவலி வருவது, மாமியாரோடு ஒரு சின்ன வருத்தம். கடைசியில் எப்போதும் ஒன்றுதான்: "வண்டி வந்துடுச்சும்மா, வைக்கிறேன்."

பாங்கு சொல்லும் நேரத்துக்கு ஹமீதா பானு கடையில் ஆட்களைக் குறைத்துக்கொள்ள ஆரம்பித்தார். "செத்த டீ குடிச்சிட்டு வாங்களேன்" என்று அனுப்பிவிடுவார். தொழுதுவிட்டு வந்து, போனை ஸ்கேனரின் மூடிமேல் வைப்பார். அங்கே வைத்தால் அதிர்வு மேசை முழுக்கக் கேட்கும்.

"ஊருக்கெல்லாம் ஒரே ஃபைலு, மகளுக்கு மட்டும் தவணையா தங்கச்சி?" என்றார் இராஜாங்கம், தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து.

இவர் கையிலிருந்த தாளைக் கீழே வைத்தார். நகவெட்டியை எடுத்து ஏதோ பின்னை உருவினார்.

"மொத்தமா அனுப்புனா மொத்தமாப் பேசி முடிச்சிடுவா அண்ணே."

தடுப்புக்கு அந்தப் பக்கம் பேனா எழுதும் சத்தம் மறுபடி கேட்டது. அதற்குப் பிறகு இராஜாங்கம் அதைப் பற்றிப் பேசவில்லை. ஆனால் பாங்கு சொன்ன பிறகு யாராவது ஸ்கேன் செய்ய வந்தால், "இங்க உக்காருங்க, அந்தம்மா தொழுவுறாங்க" என்று தன் பெஞ்சில் உட்காரவைத்துக்கொள்வார்.

முன்பக்கங்கள் தீர்ந்தபோது பின்பக்கங்கள் தொடங்கின. முத்திரை உள்ள பின்பக்கங்கள் முதலில் போயின. பிறகு ஒருநாள் எழுத்தில்லாத பக்கம் ஒன்று போயிற்று.

"அம்மா, இது வெறும் பேப்பரும்மா."

"வெறும் பேப்பர்னாலும் பத்திரத்துல உள்ள பக்கம். வக்கீல் கேட்டா?"

"கேப்பாராம்மா?"

"கேக்கமாட்டார்னு சொல்ல முடியாதுல்ல."

ரிஃப்கா சிரித்தாள். "அத்தா சொல்வாங்கள்ல, உங்கம்மா காத்துக்கும் கணக்கு வச்சிருப்பான்னு." ஹமீதா பானுவும் சிரித்தார். கடையில் அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். போனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

அந்தப் பத்திரத்தில் ஈரம் இருந்ததே இல்லை. அது தனி பாலித்தீன் உறைக்குள், துணி சுற்றி, உள்ளறை அலமாரியில் இருந்தது.

கார்த்திகையில் ஒருநாள் முற்பகல், இளையபெருமாள் நேரே கடைக்கு வந்துவிட்டார். உள்ளே வராமல் வாசலில் குடையை மடக்கிக்கொண்டு, வீட்டின் முகப்பைக் கூரையிலிருந்து படிவரை ஒருதரம் பார்த்தார். அன்று நானும் அங்கே இருந்தேன்.

"ஏம்மா, பத்திரம் நமுத்து ஒட்டிக்கிச்சாமே? ரிஃப்கா பாப்பா சொன்னுச்சு. வக்கீல் வேற யோசிக்கிறாரு. ஒட்டுனதப் பிரிக்கையில கையெழுத்து, கிய்யெழுத்து போயிருந்தா வெவகாரம் பாருங்க."

"யார் கையில ஒட்டுச்சு?"

"உங்க கையிலதான்னு சொல்றாங்க."

ஹமீதா பானு எழுந்துவிட்டார். முக்காடு நழுவியதை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"என் கையில பேப்பர் ஒட்டுமா? இராஜாங்கம் அண்ணே, இந்த அநியாயத்தக் கேளுங்க. இந்தத் தாலுக்காவுல எத்தன பத்திரம் என் கையால போயிருக்கு. ஒரு தாளு ஒட்டிருக்கா? ஒரு ஓரம் மடங்கிருக்கா?"

"விடு தங்கச்சி" என்றார் இராஜாங்கம் தடுப்பின்மேல் தலையை நீட்டி. "அவரு ஏதோ கேக்குறாரு. விடு."

இராஜாங்கம் எதற்கு அப்படிச் சொன்னார் என்று ஹமீதா பானு கவனிக்கவில்லை. விடுவிடுவென்று உள்ளே போனார். உறையோடு வந்து, துணியைப் பிரித்து, பத்திரத்தை மேசைமேல் சீட்டுக்கட்டுபோல் விரித்தார். விரலால் சுண்டினால் சத்தம் வருகிற தாள்கள்.

இளையபெருமாள் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு ஒரு தாளை எடுத்துப் பார்த்தார். இன்னொன்றை எடுத்தார். "இஸ்திரி போட்ட வேட்டியாட்டம்ல இருக்கு."

"பின்ன?" என்றார் ஹமீதா பானு.

"வயித்துல பால வாத்தீங்க. இத முன்னாடியே காட்டிருந்தா இத்தன நாளு இழுத்துருக்காதே." அவர் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். "இருங்க, பாப்பாட்ட சொல்லிடுறேன். அதுவும் பாவம், கவலப்பட்டுக்கிட்டுக் கெடக்கு. எல்லாம் சுத்தமா இருக்கு, ஒரே ஃபைலாவே வந்துரும்னு."

தாள்களை அடுக்கத் தொடங்கியிருந்த கை அப்போதுதான் நின்றது.

அன்று பாங்குக்குப் பிறகு போன் வந்தது. நான் கிளம்பியிருக்கலாம். கிளம்பவில்லை. தடுப்புக்கு அந்தப் பக்கமும் பேனா சத்தம் இல்லை.

"அம்மா, பேப்பரெல்லாம் நல்லாத்தான் இருக்காமே."

இவர் மூடியின் ஓரத்தை விரலால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அம்மா?"

"ம்."

"சொல்லிருக்கலாம்லம்மா."

"என்னத்த?"

அங்கே வாகனங்கள் போகும் சத்தம் கேட்டது. ரிஃப்கா ஏதோ சொல்ல ஆரம்பித்து நிறுத்தினாள். பிறகு வேறு குரலில், "உரக்கடைக்காரரு இந்த மாசத்துக்குள்ள முடிக்கணும்கறாரும்மா. இது தள்ளிப் போனா அந்த ஃபிளாட்டு வேற ஆளுக்குப் போயிடும். எல்லாத்தையும் ஒரே ஃபைலா அனுப்பிடுங்கம்மா, இன்னிக்கே" என்றாள்.

"அனுப்பிடுறேன்."

"கோவமா?"

"கோவமென்ன கோவம். பேப்பருதானே."

"வண்டி வந்துடுச்சும்மா."

ஹமீதா பானு எழுந்து போய் மின்விசிறியை நிறுத்தினார். இறக்கைகள் ஓயும்வரை பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு வந்து உட்கார்ந்து, மற்றவர்களுக்குச் செய்வதுபோலவே செய்தார். முதல் தாளை வைக்கும்போது பிஸ்மில்லா சொன்னார். முன்னும் பின்னும் மாறி மாறி ஒவ்வொரு பக்கமாக எடுத்தார். ஏற்கெனவே அனுப்பிய பக்கங்களையும் புதிதாகவே எடுத்தார். மூடியின்மேல் கை இருந்தது. வெற்றுப் பக்கங்களை நீக்கலாமா என்று கணினி கேட்டது. வேண்டாம் என்று அழுத்தினார். ஃபைலுக்குப் பெயர் கேட்டபோது மட்டும் சற்று யோசித்தார். வழக்கமாகப் பத்திரக்காரரின் பெயரைப் போடுவார். இதற்கு 'வீடு' என்று போட்டார்.

அனுப்பினார். ஒரு குறி விழுந்தது, இரண்டாவது விழுந்தது, இரண்டும் நீலமாயின. கட்டைவிரல் உயர்த்திய படம் ஒன்று பதிலாக வந்தது. பத்திரத்தைத் துணியில் சுற்றி உறையில் போட்டு உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார்.

"ஆச்சா தங்கச்சி?" என்றார் இராஜாங்கம்.

"ஆச்சுண்ணே. அஞ்சு நிமிச வேலதான்."

அடுத்த நாள் பாங்குக்குப் பிறகும், வேறெங்கோ பார்ப்பதுபோல் இராஜாங்கம் தன் பெஞ்சிலேயே இரண்டு பேரை உட்காரவைத்திருந்தார். போன் மூடிமேல் இருந்தது. அதிரவில்லை. பிறகு ஹமீதா பானுவே வெளியே எட்டிப் பார்த்து, "யாரு ஸ்கேனுக்கா? வாங்களேன், ஏன் அங்க உக்காந்திருக்கீங்க" என்று கூப்பிட்டார். அதற்கடுத்த நாளும் அப்படியே கழிந்தது. வெள்ளிக்கிழமை ரிஃப்கா பேசினாள். சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா. வக்கீல் சரி என்று சொல்லிவிட்டாராம். சாமான்களில் எதை எடுத்துக்கொள்வது, எதை விடுவது என்று யோசித்து வைக்கச் சொன்னாள்.

இந்தச் செவ்வாய்க்கிழமை நல்ல மழை. பதிவு அலுவலகத்துக்கு வந்தவர்களும் மதியத்தோடு கலைந்துவிட்டார்கள். இராஜாங்கம் சீக்கிரமே கடையைச் சாத்திக்கொண்டு போனார். தெருவில் தண்ணீர் இறங்கட்டும் என்று நான் மட்டும் அவர் கடை வாசலில் கிடந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். இந்தப் பக்கம் நான் இருப்பது ஹமீதா பானுவுக்குத் தெரியாது; திறந்திருந்த வாசல்வழியே அவர் எனக்குத் தெரிந்தார். தொழுதுவிட்டு வந்து, வெறும் மேசைக்கு முன்னால் உட்கார்ந்து, மூடிமேல் இருந்த போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

பாங்கு சொல்லி வெகுநேரமாகியிருந்தது. அங்கே பள்ளி வண்டி வருகிற நேரம்.

அவர் எழுந்து மின்விசிறியை நிறுத்தினார். ஜெராக்ஸ் மிஷினின் தட்டை இழுத்து, கட்டிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்தார். போனை மூடிமேலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, தாளைக் கண்ணாடிமேல் வைத்து, ஓரத்தை விரலால் நேராக்கி, மூடியை இறக்கினார். உள்ளங்கை மூடியின்மேல் இருக்க, ஒளிக்கோடு இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் போயிற்று. கணினியில் இரண்டு தட்டுத் தட்டினார். மகளுக்கு அது போய்ச் சேர்ந்ததைப் போனில் பார்த்தார்.

பிறகு மூடியைத் தூக்கி, தாளைத் திருப்பி வைத்தார்.